ஏழு கேட்காமல் வண்டி நகராது

இது நடந்தது. ஆறு பேர் சாட்சி. ஆறு பேருக்கும் இன்னும் காது நன்றாகவே கேட்கிறது.

ஆட்களின் வயிற்றைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்வேன், குறட்டையை இடியாக்குவேன், அது பழகிப்போன வாய். ஆனால் சொல்லும் நேரக் கணக்கில் ஒரு நிமிஷம்கூடக் கை வைக்கவில்லை. எல்லாம் திருச்செல்வத்தின் போனில் பதிந்து கிடக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தால் கேட்டுப் பாருங்கள், காட்டுவார். அவர் அதை அழிக்கவில்லை. அழிக்கப் பயம்.

பகலில் படியுங்கள், ராத்திரி படிக்காதீர்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நடந்ததில் ஒன்றுகூட ராத்திரியில் நடக்கவில்லை.

முதலில் ஆட்கள். மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். வேலையில் இருந்த காலத்திலிருந்தே வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று நாள் எங்கேயாவது கிளம்பிவிடுவார்கள். அந்த மூன்று நாளும் வீட்டில் இருக்கும் மனைவிமாருக்குத்தான் உண்மையான விடுமுறை. தலைவர் திருச்செல்வம், வயது அறுபத்தேழு, ஸ்டேஷன் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். யார் எந்தக் கட்டிலில் படுப்பது என்பதுவரை அவர் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அடுத்தவர் பரமேஸ்வரன். அவர் வயிறு கடைக்குள் நுழைந்து, ஒரு கிளாஸ் தே தாரிக் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் அவர் முகம் உள்ளே வரும்.

இவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. 1994இல் ஈப்போ ஸ்டேஷனில் லோகன் கழிவறைக்குப் போனார். ரயில் கிளம்பிவிட்டது. பாதி வழி வந்த பிறகுதான் ஆள் குறைவது மற்றவர்களுக்குத் தெரிந்தது. லோகன் மறுநாள் காலை ஒரு பம்பளிமாஸ் லோரியில், பழத்துக்கு மேல் இன்னொரு பழமாக உட்கார்ந்து வந்து சேர்ந்தார். பத்து நாள் யாரோடும் பேசவில்லை.

அன்றிலிருந்து தலை எண்ணிக்கை. ஆளுக்கு ஒரு நம்பர். சாகும்வரை அதே நம்பர். திருச்செல்வம் “ஒண்ணு!” என்பார். பரமேஸ்வரன் “ரெண்டு!” என்பார். லோகன் ஆறு. கடைசியாக ரபேல். அவர் ரயிலில் கார்டாக இருந்தவர், கடைசிப் பெட்டிக்காரர், அதனால் கடைசி நம்பர். “ஏழு!” என்று சொல்லி, வேலைக் காலத்துப் பித்தளை விசிலை எடுத்து ஒரு ஊது ஊதுவார். பீப்! அப்புறம்தான் கிளம்புவார்கள். ரயிலோ, பஸ்ஸோ, வாடகை வேனோ, எதுவானாலும் சரி. ஏழு கேட்காமல் வண்டி நகராது.

அந்த ரபேலுக்குச் சீனி வியாதி முற்றி, இரண்டு வருஷத்துக்கு முன் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போன வருஷம் கேமரன் மலைக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். மேடு பள்ளமெல்லாம் தள்ளியது திருச்செல்வம். ஸ்ட்ராபெரி தோட்டத்துப் படியில் தூக்கியது திருச்செல்வம். கழிவறைக்குக் கூட்டிப் போனது, கழுவிவிட்டது, அதுவும் திருச்செல்வம். ரபேல் சிரித்துக்கொண்டே, “நம்பர் ஒண்ணு ஏழுக்கு டிரைவராயிட்டான் லா,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். திருச்செல்வமும் சிரித்தார். ஊர் திரும்பிய பிறகு நான்கு நாள் இடுப்பு நிமிரவில்லை. அந்த நான்கு நாளில்தான் மனசுக்குள் ஒன்று முளைத்தது. அடுத்த வருஷம் என்னால் முடியாது.

முடியாது என்று வாயால் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. இந்த மனுஷன் தீவு தேடினார்.

பிரிக்பீல்ட்ஸ் தேத்தண்ணிக் கடையில் ஒரு சாயங்காலம், ரபேல் மட்டும் வராத நாளாகப் பார்த்து, போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

“கிழக்குக் கரைப் பக்கம் ஒரு தீவு. அமைதின்னா அப்படி ஒரு அமைதி. கார் கிடையாது, மோட்டார் சைக்கிள் கிடையாது, ரோடே கிடையாது. போட்லேர்ந்து முட்டித் தண்ணியில இறங்கணும். அப்புறம் ரூம் வரைக்கும் மணல்ல நடை.”

பரமேஸ்வரன் கிளாஸைக் கீழே வைத்தார். “அப்போ ரபேல்?”

“வராதேன்னு நாம சொல்லப்போறதில்லையே.”

“ம்?”

“அவனே வரலன்னு சொல்லிருவான்.”

லோகன் மெல்லச் சிரித்தார். “பொல்லாத மூளை லா உனக்கு.”

அப்புறம் கொஞ்ச நேரம் ஆறு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. கிளாஸில் இருந்த நுரையைப் பார்த்தார்கள். ஆனால் வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

திருச்செல்வம் ஏழு பேரும் இருக்கும் போன் குரூப்பில் போட்டார். ‘இந்த வருஷம் தீவு. கார் இல்லை. முழு ஓய்வு. மணலில் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.’ உண்மையில் இருநூறு மீட்டர்தான். அந்த ஒரு கிலோமீட்டர் ரபேலுக்காகவே நீட்டியது. கீழே கைகூப்பும் படம் வேறு.

இரண்டு மணி நேரம் கழித்து ரபேலின் பதில் வந்தது.

‘ஓகே. நான் வரேன்.’

இப்போது என்ன செய்வது? மூன்று நாள் தூக்கம் வராமல் புரண்டு, கடைசியில் திருச்செல்வம் ஒரு முடிவுக்கு வந்தார். பொய்.

திங்கட்கிழமை. காலை மணி 11.20. ரபேலைக் கூப்பிட்டார். ரபேல் கிள்ளானில் ஒரு தெரு வீட்டில் தனியாக இருந்தார். மனைவி டொரத்தி காலமாகி ஆறு வருஷம். மகள் கேரன் ரவாங்கில்.

போன் எடுக்கப்பட்டது. ஹலோ வரவில்லை.

“ரபேல், தீவு கேன்சல் லா. காத்து சரியில்லையாம். போட் ஓடாதாம்.”

காற்று மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு சத்தம்.

டொக்... சர்ர்... டொக்... சர்ர்...

“என்ன சத்தம் அது?”

“புதுக் கால்.” ரபேலின் குரல் எங்கேயோ தள்ளி இருந்தது. “போன மாசம் போட்டேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. தீவுக்கு வந்து நடந்து காட்டலாம்னு இருந்தேன்.”

திருச்செல்வத்துக்குப் போன் வைத்திருந்த காது சுட்டது.

“அரை லோரி மணல் வாங்கி வீட்டு முன்னால கொட்டி வெச்சிருக்கேன். காலையில அதுலதான் பழகுறேன். உன்னைத் தள்ள வைக்கக் கூடாதுல்ல?”

டொக்... சர்ர்...

“எல்லாருக்கும்தானே கேன்சல்?”

இங்கே சொல்லியிருக்கலாம். இந்த ஒரு இடத்தில் சொல்லியிருக்கலாம் என்று திருச்செல்வம் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

“எல்லாருக்கும்தான்,” என்றார்.

“சரி லா. அப்போ எல்லாரும் போறப்போ போலாம்.”

கட்டாகிவிட்டது. பேசிய நேரம் 4 நிமிஷம் 12 விநாடி. போனில் அப்படித்தான் இருக்கிறது.

அன்று மதியமே ‘தீவு ஆறு பேர்’ என்று புது குரூப். பழைய குரூப்பைச் சத்தம் போடாதபடி அமுக்கி, கண்ணில் படாத இடத்தில் தள்ளினார்கள். விட்டு வெளியேறினால் ரபேலுக்குத் தெரிந்துவிடுமே! திருச்செல்வத்தின் முதல் கட்டளை இது: ‘ரபேல் கூப்பிட்டா யாரும் எடுக்காதீங்க. சனிக்கிழமை கிளம்புற வரைக்கும் தாங்குங்க. வாய் தவறிரும்.’

செவ்வாய்க்கிழமை ரபேல் கூப்பிட்டார். 9.40க்கு ஒரு தடவை. 9.52க்கு ஒரு தடவை. சாயங்காலம் 4.15க்கு இன்னொரு தடவை. திருச்செல்வம் போனைக் கவிழ்த்துவைத்து, மேலே பேப்பரைப் போட்டு மூடினார். பேப்பர் அதிர்ந்தது.

அவர் மனைவி அமுதவள்ளி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “போன் அடிக்குதுங்க.”

“ராங் நம்பர்.”

அவள் வந்து பேப்பரைத் தூக்கினாள். “ராங் நம்பருக்கு ரபேல் அண்ணன் படமா வரும்?”

அவர் பேப்பரைத் திரும்ப இழுத்து மூடினார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள். அந்தப் பார்வை இருக்கிறதே, அது கரண்டியால் அடிப்பதைவிட மோசம்.

புதன்கிழமை மதியம் மணி 3.30. தீவிலிருந்து போன். தங்கும் விடுதி நடத்தும் மலாய்க்கார அம்மா, காக் ரோஸ். மலாயில்தான் பேசினார்.

“அங்கிள், ஏழு பேருக்கு மாத்திட்டேன்.”

“ஏழா? ஆறு பேர்தானே?”

“இல்லையே. உங்க கூட்டாளி இப்பத்தான் கூப்பிட்டாரு. மூணு அஞ்சுக்கு. ஏழு பேர், தண்ணிக்குப் பக்கத்துல படி இல்லாத ரூம் வேணும்னாரு.”

“பேர் சொன்னாரா?”

“சொல்லல. லைன்ல ஒரே காத்து... மண்ணு கொட்டுற மாதிரி ஒரு சத்தம் வேற. கடற்கரையிலேர்ந்து பேசுறாரோன்னு நெனைச்சேன்.”

திருச்செல்வம் போனை அவசரமாக வைத்தார். பேய் பயம் இல்லை. அது இன்னும் வரவில்லை. மாட்டிக்கொண்டோம் என்ற பயம். ரபேலுக்குத் தெரிந்துவிட்டது! யார் உளறியது? புது குரூப்பில் ஒருத்தரை ஒருத்தர் கடித்துக் குதறினார்கள். பரமேஸ்வரன் மாரியம்மன் மேல் சத்தியம் செய்தார். லோகன் பேரப்பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். ஒருத்தரும் உளறவில்லை.

“நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்க. பேசி முடிப்போம்,” என்றார் திருச்செல்வம்.

வியாழக்கிழமை. சாயங்காலம் மணி 7.05. திருச்செல்வத்தின் பிளாட், ஐந்தாவது மாடி. மரக்கதவு திறந்திருந்தது. வெளியே இரும்புக் கிரில், உள்பக்கம் பூட்டு. ஹாலில் ஆறு பேர், ஏழு பிளாஸ்டிக் நாற்காலி. அமுதவள்ளி பழக்கத்தில் ஏழாகவே போட்டுவிட்டாள். லோகனுக்கு வலப்பக்கத்தில் ஒன்று காலியாகக் கிடந்தது. அவர் அதில் தன் தொப்பியை வைத்திருந்தார்.

அதைச் சொன்னார்கள், இதைச் சொன்னார்கள். கடைசியில் ரபேலை ஏமாற்றிவிட்டே போவது என்று முடிவானது. மன்னிப்பைத் திரும்பி வந்து கேட்டுக்கொள்ளலாமாம். கூடவே பூலாவ் பினாங் பிஸ்கட் ஒரு டின். அப்படித்தான் பேசினார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

“சரி, சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு வேன். எண்ணிருவோம்,” என்றார் திருச்செல்வம். பழக்க தோஷம். “ஒண்ணு!”

“ரெண்டு!”

“மூணு!”

“நாலு!”

“அஞ்சு!”

“ஆறு!”

அப்புறம் ஹாலில் ஒரு பள்ளம் விழுந்தது. முப்பது வருஷமாக அந்த இடத்தில் ஒரு குரல் கேட்டுப் பழகிய காதுகள். ஆறு பேரும் தங்களை அறியாமல் காத்திருந்தார்கள்.

மணி 7.18. மாலை மங்கும் நேரம். வானம் மஞ்சளாக இருந்தது.

வராந்தாக் கோடியில் லிப்ட் இருக்கிறது. நின்றால் ‘டிங்’ என்று சத்தம் கேட்கும். அன்று டிங் கேட்கவில்லை.

டொக்... சர்ர்...

திருச்செல்வம் வாசல் பக்கம் திரும்பினார்.

டொக்... சர்ர்... டொக்... சர்ர்...

“என்னது அது?” என்றார் பரமேஸ்வரன்.

“ரபேல்,” என்றார் திருச்செல்வம். “புதுக் கால்.”

இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்வான்? எழுந்து போய்க் கிரில்லைத் திறப்பான். வாப்பா என்பான். காலில் விழுவான். இந்த ஆறு கிழவர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? விளக்கை அணைத்தார்கள்! பரமேஸ்வரன் அந்த வயிற்றோடு பூனை மாதிரி போய் மரக்கதவைச் சாத்தினார். லோகன் மின்விசிறியை நிறுத்தினார். வீட்டில் ஆள் இல்லை என்று காட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தார்கள். அறுபதும் எழுபதுமான ஆறு பேர்.

டொக்... சர்ர்...

பக்கத்து வீட்டைத் தாண்டியது.

டொக்... சர்ர்...

நின்றது.

கிரில்லுக்கு வெளியே.

“திரு...”

ரபேல் குரல்தான். சந்தேகமே இல்லை. ஆனால் கோபம் இல்லை. களைத்துப்போன குரல்.

“திரு... உள்ளதான் இருக்கியா?”

திருச்செல்வம் வாயைத் திறந்தார். வாயை மூடிக்கொண்டார்.

ஒரு நிமிஷம்.

இரண்டு நிமிஷம்.

போயிருப்பார் என்று பரமேஸ்வரன் மூச்சு விட்டார்.

சர்ர்...

வெளியே இல்லை.

ஹாலுக்குள்.

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மெல்ல முனகியது... பாரம் இறங்கினால் முனகுமே, அப்படி.

லோகனின் வலது காதுக்குப் பக்கத்தில்...

“ஏழு.”

விசில் ஊதவில்லை.

லோகன் போட்ட கூச்சல் கே.எல். சென்ட்ரல் வரைக்கும் கேட்டிருக்கும். பூஜை அறையிலிருந்து அமுதவள்ளி ஓடி வந்து விளக்கைப் போட்டாள். காலி நாற்காலி காலியாகவே இருந்தது. அதிலிருந்த தொப்பி மட்டும் தரையில் கிடந்தது.

“ரபேல் அண்ணன் குரல்தானே கேட்டுச்சு? எதுக்கு இருட்டுல உக்காந்திருக்கீங்க?”

ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“ஒளிஞ்சீங்களா?” என்றாள். “சீ.”

அவளே போய் மரக்கதவைத் திறந்தாள். கிரில் பூட்டியபடி இருந்தது. வெளியே ஆள் இல்லை. ஆனால் லிப்ட் பக்கமிருந்து வீட்டு வாசல்வரை மணல். வலது காலுக்குச் செருப்புத் தடம். இடது காலுக்கு ஓர் இழுத்த கோடு. தடம், கோடு. தடம், கோடு. வாசலை நோக்கி வந்த தடம் மட்டும்தான் இருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

கடைசித் தடம் பூட்டிய கிரில்லுக்கு உள்பக்கம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை திருச்செல்வம் தனியாகக் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போனார். மற்ற ஐந்து பேருக்கும் ஒரே சமயத்தில் காய்ச்சல் வந்திருந்தது! வழி முழுக்க ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். ‘ரபேல், உன்னைத் தள்ளக் களைப்பா இருந்துச்சு. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.’ அவ்வளவுதான். அதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

மணி 10.05. ரபேல் வீட்டு முன்னால் அரை லோரி மணல். முழுக்கக் காலடித் தடம். தடம், கோடு. தடம், கோடு. ஒரு பக்கத்தில் மட்டும் மணல் சரிந்து, ஆள் படுத்த மாதிரி ஒரு குழி.

கேரன் வெளியே வந்தாள். கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா அங்கிள்?”

“அப்பா இருக்காராம்மா?”

அவள் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். “முந்தாநாள் அடக்கம் பண்ணிட்டோம். புதன்கிழமை.”

“என்னம்மா சொல்ற? திங்கட்கிழமை நான் பேசினேனே...”

“எத்தனை மணிக்கு?”

“பதினொண்ணு இருபது.”

கேரன் உள்ளே போய் அப்பாவின் போனை எடுத்து வந்தாள். “காலையில ஏழு மணிக்கே போயிட்டாரு அங்கிள். ஹார்ட். இந்த மணல்ல விழுந்து கிடந்தாரு, பக்கத்து வீட்டு ஆன்டிதான் பார்த்தாங்க. பதினொண்ணு இருபதுக்கு இந்த போன் என் கையில இருந்துச்சு. போலீஸ் பேசிக்கிட்டு இருந்தாங்க. உங்க பேரு வந்துச்சு, என்னால எடுக்க முடியல. பாருங்க.”

பார்த்தார். 11.20. எடுக்கப்படாத அழைப்பு.

தன் போனைப் பார்த்தார். 11.20. 4 நிமிஷம் 12 விநாடி.

“மறுநாள் இந்த போன்லேர்ந்தே உங்களை மூணு தடவை கூப்பிட்டேன். எடுக்கல. குரூப்ல போட்டேன். ஆறு பேர்ல ஒருத்தரும் பார்க்கல.” அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “அப்பா டைரியில எழுதி வெச்சிருந்தாரு. பெட்டி தூக்க ஆளு தேட வேணாம், ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் வருவாங்கன்னு. பேருகூட எழுதல, நம்பர்தான். கடைசி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டு நின்னேன் அங்கிள். அப்புறம் பெட்டிக் கம்பெனி ஆளுங்களே தூக்கினாங்க. மூணு மணிக்கு மண்ணு போட்டோம். விசிலை அப்பா கையிலயே வெச்சு அனுப்பிட்டேன்.”

மூன்று மணி. மூணு அஞ்சுக்குத் தீவுக்குப் போன். மண் கொட்டுகிற மாதிரி சத்தம்...

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க,” என்றாள் கேரன். “இந்த மணல் எதுக்கு? ஒருத்தருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த மணலைப் பற்றி அவருக்குச் சொன்னவர், சொல்லும்போது உயிரோடு இல்லை.

“தெரியும்மா,” என்றார். சொன்னார். இடுப்பு வலியிலிருந்து தொடங்கி, தீவு, நீட்டிய கிலோமீட்டர், பொய், கவிழ்த்துவைத்த போன், அணைத்த விளக்கு, எல்லாவற்றையும். வெயிலில் நின்றபடியே சொன்னார்.

கேரன் கடைசிவரை கேட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலை மணி 4.30க்கு ஆறு பேரும் கிள்ளான் கல்லறைத் தோட்டத்தில் நின்றார்கள். காய்ச்சலெல்லாம் பறந்துவிட்டது. புது மண். சிலுவையில் இன்னும் பெயின்ட் வாசம். யாருக்கும் ஜெபம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்.

“ஒண்ணு,” என்றார் திருச்செல்வம்.

“ரெண்டு.”

ஆறுவரை வந்தது. காத்திருந்தார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை.

திரும்ப எண்ணினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. முந்தின நாள் அந்தக் குரலுக்குப் பயந்து அலறியவர்கள், இப்போது அதே குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரே ஒரு தடவை... மண்ணுக்கு அடியிலிருந்தாவது... வராதா?

மணி 6.10க்குக் காவல்காரர் வந்தார். “கேட் பூட்டணும் அங்கிள். கிளம்புங்க.”

“இன்னும் ஒருத்தர் பாக்கி,” என்றார் பரமேஸ்வரன். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம்தான் அவர் அழுதார்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஏழு கேட்காமல் கிளம்பினார்கள்.

தீவுக்கு யாரும் போகவில்லை. வேனை வேண்டாம் என்று சொன்னார்கள். விடுதிக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை மணி 11.40. திருச்செல்வத்தின் போன் அடித்தது. காக் ரோஸ்.

“அங்கிள், எங்க இருக்கீங்க? ஒருத்தர் மட்டும்தான் வந்து சேர்ந்திருக்காரு.”

“யாரு?”

“ஒரு வயசானவர். முதல் போட்ல வந்திருப்பாரு போல. இறங்கினதை யாரும் பார்க்கல. கரையில மரத்தடியில உக்காந்திருக்காரு. காலு கொஞ்சம் இழுத்து இழுத்து நடக்குறாரு... ஆனா மணல்ல நல்லாவே நடக்குறாரு. கழுத்துல விசில்.”

அமுதவள்ளி பக்கத்தில் வந்து நின்றாள். திருச்செல்வம் ஸ்பீக்கரைப் போட்டார்.

“பேர் கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘ஏலு, ஏலு’ன்னு மட்டும் சொல்றாரு. அது என்ன அங்கிள், பேரா? மத்த ஆறு பேரும் எப்ப வருவாங்கன்னு கேக்குறாரு. எல்லாரும் வந்தாத்தான் ரூமுக்குள்ள போவாராம். என்ன சொல்லட்டும்?”

திருச்செல்வம் ஜன்னலைப் பார்த்தார். வராந்தாவில் பெருக்கித் தள்ளியும் போகாத மணல், வெயிலில் மின்னியது.

இன்னொரு தடவை அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

“வருவோம்னு சொல்லுங்க,” என்றார். “ஒவ்வொருத்தரா.”

காக் ரோஸ் போனைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்து போவது கேட்டது. அலை கேட்டது. அவர் யாரிடமோ மலாயில் அதைச் சொல்வது கேட்டது.

அப்புறம்... பீப்!

ஒரே ஒரு ஊது. பித்தளை விசில். அமுதவள்ளிக்கும் கேட்டது.

விசில் ஊதியாகிவிட்டது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், வண்டி கிளம்பிவிட்டது. அது ஆறு பேருக்கும் தெரியும். கடைசியிலிருந்து எண்ணினால் ஏழுக்கு அடுத்தது ஆறு. ஆறாம் நம்பர் லோகன் அன்றிலிருந்து தேத்தண்ணியில் சீனி போடுவதில்லை.